பெப்பர்மின்ட் விசாரணையில் நான் சொன்ன சாட்சியம்

இடம் போதவில்லை என்றால் செய்தியைக் கீழிருந்து வெட்டு. பத்திரிகை டெஸ்க்கில் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்களுக்கும் இதைச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். முக்கியமானது மேலே, அதற்கு அடுத்தது கீழே, போனால் போகட்டும் என்பது கடைசியில். அந்த வரிசையில் எழுதிவிட்டால் எங்கே வெட்டினாலும் செய்தி உயிரோடு இருக்கும். முப்பத்தோரு வருடம் அப்படித்தான் வெட்டினேன். எத்தனை கடைசிப் பத்திகள் என் கையால் போயின என்பதற்குக் கணக்கு இல்லை. அவற்றில் ஒன்று மட்டும் திரும்பி வந்து, விவேக் நகரில் ஒரு பள்ளிக்கூடத்து விசாரணைக் குழு முன்னால் என்னை உட்கார வைத்தது. நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்பு நடந்தது இது.

நம் பெங்களூர்ப் பதிப்பின் கல்விப் பக்கம் அப்போது என் பொறுப்பில் இருந்தது. பிற்பகல் மூன்றரைக்கு முடித்து அனுப்ப வேண்டிய பக்கம். ஜனவரியில் ஒரு நாள், மூன்று பத்துக்கு, விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு கண்ணீர் அஞ்சலி வந்தது. ஏற்கெனவே இருந்த அளவைவிட நாலு சென்டிமீட்டர் கூடுதல். இறந்தவரின் மருமகன்கள் பெயர் விட்டுப் போயிருந்ததாம். அதற்கு மேலே ஏஜென்சியிலிருந்து வந்த ஒரு சின்னச் செய்தி இருந்தது. பெப்பர்மின்ட் மாணவர்களின் கவனத்தைக் கூர்மையாக்கும், படித்தது நினைவில் நிற்க உதவும், தேர்வுக்கு முன் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வது நல்லது என்று சொல்லப்படுவதாக முதல் மூன்று பத்திகள். நாலாவது பத்தி இது:

"ஆனால் இதற்குப் போதிய ஆதாரம் இல்லை. பலன் தெரிந்ததாகச் சொல்லப்படும் இடங்களிலும், அது பெப்பர்மின்ட்டால் வந்ததா அல்லது பலன் இருக்கும் என்ற நம்பிக்கையால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதை வைத்துப் பள்ளிகள் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்."

மருமகன்கள் உள்ளே வந்தார்கள். நாலாவது பத்தி வெளியே போனது. 'பெப்பர்மின்ட் சாப்பிட்டால் கவனம் கூடும்' என்று தலைப்புப் போட்டேன். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்குப் பக்கம் நேரத்துக்குப் போனது என்று செய்தி ஆசிரியர் பாராட்டினார்.

பிப்ரவரி கடைசியில் வரவேற்பறையிலிருந்து கூப்பிட்டார்கள். ஒரு பெண்மணி வந்திருக்கிறார், கல்விப் பக்கம் பார்ப்பவரைத்தான் பார்ப்பேன் என்கிறார் என்று. இறங்கிப் போனேன். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் அளவெடுக்கும் டேப்பைக் கழற்ற மறந்து வந்திருந்தார். பெயர் ஆரோக்கியமேரி. பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் வேலை, அரை நாள் லீவு போட்டு வந்ததாகச் சொன்னார். பர்ஸிலிருந்து நாலாக மடித்த ஒரு துண்டை எடுத்தார். என் பெப்பர்மின்ட் செய்தி.

"நீங்கதானா சார் இதை எழுதினது?"

"எழுதினது நான் இல்லம்மா. போட்டது நான்."

"ரெண்டும் ஒண்ணுதானே சார். பேப்பர்ல போட்டிருக்குன்னு நம்பி நான் எம் புள்ளைக்கு வாங்கிக் குடுத்தேன். பத்தாவது படிக்குது, ஜெனிஃபர்னு பேரு. இப்ப பரீட்சையில மால்பிராக்டிஸ் பண்ணாள்னு எழுதி வச்சுட்டாங்க."

"பெப்பர்மின்ட் சாப்பிட்டதுக்கா?"

"ஆமா சார். அதைச் சாப்ட்டா மூளை ஜாஸ்தி வேலை செய்யுமாம். சாப்பிடாத புள்ளைங்களுக்கு அநியாயமாம்."

"இதை யாரும்மா சொன்னது?"

அவர் அந்தத் துண்டை என் பக்கம் தள்ளினார். "நீங்கதான் சார் சொல்லியிருக்கீங்க."

செல்போனில் ஒரு படம் காட்டினார். பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த சுற்றறிக்கை. தேர்வு அறைக்குள் கொண்டுவரக் கூடாதவை: செல்போன், ஸ்மார்ட் வாட்ச், கால்குலேட்டர், துண்டுச் சீட்டு, பெப்பர்மின்ட். ஐந்தாவதற்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே அதற்கு விளக்கமாக என் செய்தியே ஒட்டப்பட்டிருந்தது.

நடந்தது இவ்வளவுதான். செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றியது. பள்ளியில் தேர்வுப் பொறுப்பாளர் அதைப் படித்துவிட்டுத் தடை போட்டார். அதே செய்தியை வீட்டில் படித்த ஆரோக்கியமேரி ஒரு பாக்கெட் வாங்கினார். பள்ளிக்கூடமும் நம் பேப்பரை நம்பியது, தாயும் நம் பேப்பரை நம்பினார். நம்பிக்கை இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால் நடுவில் பிள்ளை மாட்டிக்கொண்டது. எஸ்.எஸ்.எல்.சி.க்கு முந்தைய ப்ரிபரேட்டரி கணக்குத் தேர்வில், பாதி கரைந்த பெப்பர்மின்ட்டுடன் பிடிபட்டாள். விசாரணை முடியும்வரை ஹால் டிக்கெட் கிடையாது. குற்றம் உறுதியானால் நடத்தைச் சான்றிதழில் அதைக் குறிப்பார்கள். அதோடு எந்தக் கல்லூரி பி.யூ.சி.க்குச் சேர்த்துக்கொள்ளும்? பொதுத்தேர்வுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

"சனிக்கிழமை விசாரணை சார். நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

"அதுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க. சும்னே, சும்மாதான் போட்டோம்னு சொல்லுங்க."

மேலே போய்ச் செய்தி ஆசிரியரிடம் சொன்னேன். அவர் பெயர் வேண்டாம். நல்ல செய்தி ஆசிரியர், பல கலவரங்களைப் பதறாமல் பக்கத்தில் வைத்தவர். முழுவதும் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மிட்டாய்க்கு மறுப்பா? முதலமைச்சர் ஆபீஸ் கேட்டே நான் மறுப்புப் போட்டதில்ல."

"பொண்ணோட பரீட்சை போயிடும் சார்."

"போய்ப் பாருங்க. பேசுங்க. காபி குடுத்தா குடிங்க. எழுத்துல மட்டும் எதுவும் குடுத்துடாதீங்க."

ஏஜென்சி அனுப்பிய முழுச் செய்தியைக் கணினியில் தேடி அச்செடுத்துக்கொண்டேன். நாலாவது பத்தியை அன்றுதான் முதல்முறையாக முழுசாகப் படித்தேன். இதை உங்களிடம் சொல்லத்தான் வேண்டும். வெட்டும்போது நான் படித்தது அதன் நீளத்தை மட்டும்தான்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் போனேன். பள்ளியின் பெயரும் வேண்டாம். தலைமை ஆசிரியை அறையில் குழு உட்கார்ந்திருந்தது. மூன்று பேர். தலைமை ஆசிரியை சுசீலா மேடம், மல்லேஸ்வரத்தில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம், யாரையும் கடிந்து பேச வராது. தேர்வுப் பொறுப்பாளர் வரதராஜன், கணக்கு ஆசிரியர், சட்டைப் பையில் மூன்று நிறத்தில் பேனா. மூன்றாமவர் உடற்பயிற்சி ஆசிரியர் முனிராஜு, ஆனேக்கல்காரர், பேச்சில் கன்னடம் கலக்கும். அவர் எதற்கு என்று முதலில் புரியவில்லை. விளையாட்டு வீரர்கள் ஊக்கமருந்து சாப்பிடுவது பற்றி எப்போதோ அரை நாள் பயிற்சிக்குப் போய்வந்தவராம். இந்தத் துறையில் பள்ளிக்கு இருந்த ஒரே அனுபவம் அதுதான்.

எதிரே ஆரோக்கியமேரி. அவர் பக்கத்தில் ஜெனிஃபர், மடியில் கை வைத்து, தலை குனிந்து. எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

முதலில் சாட்சிப் பொருள். வரதராஜன் பீரோவிலிருந்து ஒரு பழுப்பு உறை எடுத்தார். அரக்கு வைத்து ஒட்டி, ஒட்டின இடத்தின் மேல் மூன்று கையெழுத்து. அளவுகோலால் நேராகக் கிழித்து மேசைமேல் கவிழ்த்தார். கசங்கிய காகிதம் ஒன்று விழுந்தது. பின்னால் ஏழெட்டு எறும்புகள் வந்தன. வேறு எதுவும் வரவில்லை.

எல்லோரும் உறைக்குள் எட்டிப் பார்த்தோம்.

"பூரா தின்னுட்டுது," என்றார் முனிராஜு. "எறும்புக்கு கான்சன்ட்ரேஷன் சக்கத்தா, பிரமாதமா இருக்கு சார்."

வரதராஜன் சிரிக்கவில்லை. நீலப் பேனாவை எடுத்து, 'சாட்சிப் பொருள் இயற்கைக் காரணத்தால் இல்லாமல் போனது' என்று குறிப்பேட்டில் எழுதினார்.

"ஆதாரமே இல்லையே சார், அப்புறம் என்ன?" என்றார் ஆரோக்கியமேரி.

"பொருள் இல்லாமப் போனா சம்பவம் இல்லாமப் போயிடாதும்மா. மாணவி ஒத்துக்கிட்டு கையெழுத்துப் போட்டிருக்கா."

"ஸ்போர்ட்ஸ்ல இப்படி இல்ல," என்றார் முனிராஜு. "யூரின் எடுக்கணும். ரெண்டு பாட்டில். ஒண்ணு நமக்கு, ஒண்ணு லேபுக்கு. இங்க ஒண்ணும் எடுக்கலையே. ஹேகே ப்ரூவ் மாடோது? எப்படி நிரூபிக்கறது?"

"முனிராஜு சார், ப்ளீஸ்," என்றார் சுசீலா மேடம்.

ஆரோக்கியமேரி பையிலிருந்து மதிப்பெண் அட்டையை எடுத்தார். "சரி, இதைப் பாருங்க மேடம். அரையாண்டுல கணக்கு அம்பத்தெட்டு. பெப்பர்மின்ட் சாப்ட்டு எழுதினதுல நாப்பத்தொண்ணு. இதுல எங்க மூளை ஜாஸ்தி வேலை செஞ்சுது? கம்மியால்ல ஆயிருக்கு?"

நான் மனதுக்குள் கை தட்டினேன். வரதராஜன் அசையவில்லை. "பிட் கொண்டாந்து, அதைத் தப்பாப் பார்த்து எழுதினாலும் அதுக்குப் பேர் மால்பிராக்டிஸ்தாம்மா. பலன் கிடைச்சுதாங்கறது கேள்வி இல்ல. பலன் கிடைக்கும்னு நம்பித்தானே குடுத்தீங்க?"

அந்த அம்மா மதிப்பெண் அட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்தார். நம்பித்தான் கொடுத்திருந்தார்.

உங்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் வரதராஜன் முட்டாள் என்று நினைத்துக்கொண்டு போய்விடாதீர்கள். நானும் அந்த அறைக்குள் போகும்போது அப்படி நினைத்துத்தான் போனேன். அவர் சொன்னது இது: "என் ஹால்ல அறுபது புள்ளைங்க உக்காருது சார். வீட்டுல வாங்கிக் குடுக்க ஆள் இருக்கற புள்ளையும் இருக்கு, காலையில சாப்பிடாம வர்ற புள்ளையும் இருக்கு. ஹாலுக்கு வெளிய நான் ஒண்ணும் பண்ண முடியாது. உள்ள மூணு மணி நேரமாவது எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும். ஒரு பொருள் மூளையைக் கூட்டும்னு பேப்பர்லயே வந்துட்டா, அது எல்லாருக்கும் வேணும், இல்ல யாருக்கும் வேணாம். நான் சொல்றதுல எது தப்பு?"

எதுவும் தப்பு இல்லை. ஒவ்வொரு படியாக ஏறிப் பார்த்தேன், எல்லாப் படியும் உறுதியாக இருந்தன. முதல் படி மட்டும் நான் போட்டது.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "சார், இதைப் போட்ட பத்திரிகையிலிருந்து நீங்களே வந்திருக்கீங்க. ஒரே கேள்வி. பெப்பர்மின்ட் சாப்ட்டா கவனம் கூடுமா, கூடாதா?"

நம் தொழிலில் நெருக்கடி என்றால் வெள்ளம், விபத்து, தேர்தல் முடிவு என்று நினைக்கிறோம். என் முப்பத்தோரு வருடத்தில் மிகவும் நெருக்கடியான நிமிடம் அந்த ஸ்டூலில் வந்தது. கூடும் என்று சொன்னால் பேப்பரின் மானம் தப்பும், பெண் குற்றவாளி. கூடாது என்று சொன்னால் பெண் தப்புவாள், நான் பொய்ச் செய்தி போட்டவன். இரண்டாவதைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு வரை வந்தது. நல்ல காரியத்துக்குத்தானே என்று தோன்றியது. ஆரோக்கியமேரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கூடாது என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு தெரியாததைத் தெரிந்ததாகப் போட்டதால்தான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அதைச் சரிசெய்ய இன்னொரு தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதா?

"எனக்குத் தெரியாது சார்," என்றேன்.

"தெரியாததை எதுக்கு சார் போட்டீங்க?"

"தெரியாதுன்னு அந்தச் செய்தியிலேயே இருந்துது. கடைசிப் பத்தி. இடம் இல்லைன்னு நான்தான் எடுத்தேன்."

அச்செடுத்த தாளைக் கொடுத்தேன். சுசீலா மேடம் அந்தப் பத்தியை உரக்கப் படித்தார். 'இதை வைத்துப் பள்ளிகள் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்' என்ற வரி வந்தபோது அவர் குரல் தாழ்ந்தது. வரதராஜன் தாளை வாங்கித் தானும் ஒரு முறை படித்தார்.

ஆரோக்கியமேரி கேட்டார்: "எவ்ளோ இடம் சார் இல்லாமப் போச்சு?"

"நாலு சென்டிமீட்டர்."

கழுத்தில் தொங்கிய டேப்பைப் பிடித்து நாலில் விரல் வைத்துப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சுசீலா மேடம்தான் பேசினார். "பேப்பர்காரருக்கும் தெரியலை, நமக்கும் தெரியலை. நாமளே சாப்பிட்டுப் பார்த்தா என்ன?"

நான் ஆட்சேபிக்கவில்லை. ஆட்சேபிக்கிற நிலையிலும் இல்லை. முனிராஜு ஓட்டமாக எதிர்க்கடைக்குப் போய் ஒரு பாக்கெட் பெப்பர்மின்ட் வாங்கி வந்தார். பதினேழாம் வாய்ப்பாட்டைக் கீழிருந்து மேலே எழுதுவது என்று முடிவாயிற்று. முதல் சுற்று வெறும் வாயோடு, இரண்டாம் சுற்று பெப்பர்மின்ட்டோடு. நேரம் பார்க்க என் கைக்கடிகாரம்.

வரதராஜன் இரண்டு சுற்றிலும் பிழையில்லாமல் எழுதினார். இரண்டுக்கும் ஒரே நேரம். அவருக்குப் பெப்பர்மின்ட் என்ன, வேப்பெண்ணெய் கொடுத்தாலும் அதே நேரம்தான் ஆகியிருக்கும். சுசீலா மேடம் முதல் சுற்றில் நூற்றுப் பத்தொன்பது வரவேண்டிய இடத்தில் நூற்றுப் பதினாறு எழுதினார். இரண்டாம் சுற்றில், மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, முழுக் கவனத்தோடு, அதே இடத்தில் அதே தப்பை எழுதினார். முனிராஜு முதல் சுற்றில் நாலாவது வரியிலேயே நின்றுவிட்டார். இரண்டாம் சுற்றில் மளமளவென்று முடித்துப் பேனாவைக் கீழே வைத்தார்.

"பாருங்க! கூடுது சார்! எனக்குக் கூடுது!"

"அவரு பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதினாரு மேடம்," என்றார் ஆரோக்கியமேரி. "நான் பார்த்துட்டே இருந்தேன்."

முனிராஜு தன் தாளைப் பார்த்தார். பிறகு வரதராஜனின் தாளைப் பார்த்தார். "டவுட்டுக்கு ஒரு லைன் பார்த்தேன், அஷ்டே, அவ்ளோதான்," என்றார்.

"அதுக்குப் பேர்தான் மால்பிராக்டிஸு," என்றார் ஆரோக்கியமேரி.

வரதராஜனின் கை தன்னையறியாமல் மேசையறையில் இருந்த முறைகேட்டுப் படிவத்தை நோக்கிப் போனது. "சார், வேண்டாம்," என்றார் சுசீலா மேடம்.

மூன்று ஆசிரியர்களும் மிட்டாய் கரைவதற்காகக் காத்திருந்தார்கள். பிறகு வரதராஜன் பேசினார்.

"அச்சுல வந்ததை வச்சு நான் ரூல் போட்டேன். பலகையில ஒட்டியிருக்கேன். இப்ப இவர் கையில ஒரு தாள் கொண்டாந்தார்னு அதை எடுத்தா, நாளைக்கு இன்னொருத்தர் இன்னொரு தாள் கொண்டாருவார். விட்டுப்போனது அச்சுல வரட்டும். அதே பேப்பர்ல. அன்னைக்கே ரூலை எடுத்துடறேன். ரூல் இல்லைன்னா கேஸ் இல்ல. ஹால் டிக்கெட் குடுத்துடறேன்."

"எப்ப வரும் சார்?" ஆரோக்கியமேரி என்னைக் கேட்டார்.

"திங்கட்கிழமை காலையில."

"எழுதிக் குடுங்க," என்றார் வரதராஜன், குறிப்பேட்டைத் திருப்பி வைத்து.

எழுத்தில் எதுவும் கொடுக்கக் கூடாது என்பது எனக்கு இருந்த முக்கிய உத்தரவு. எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். செய்தி ஆசிரியர் சொன்னதில் காபி உத்தரவை மட்டும் ஒழுங்காக நிறைவேற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை செய்தி ஆசிரியருக்கு விடுமுறை. போனில் சொன்னேன்.

"என்னிக்கோ போட்டதுக்கு இப்ப யார்யா திருத்தம் கேட்டா?"

"ஒரு பொண்ணு சார்."

"ஒரு பொண்ணுக்காக ஊர் பூரா நம்மைப் பார்த்துச் சிரிக்கணுமா?"

"எழுதிக் குடுத்துட்டேன் சார்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். "நான் போனே எடுக்கலைன்னு வச்சுக்குங்க," என்று சொல்லி வைத்துவிட்டார். உங்கள் மேலதிகாரி இப்படிச் சொல்லும் நாள் உங்களுக்கும் வரும். அதற்கு அனுமதி என்று பொருள் இல்லை. தடை என்றும் பொருள் இல்லை. பழி உங்களுடையது என்று பொருள். அது தெரிந்து செய்தால் போதும்.

அன்று பிற்பகல், திங்கட்கிழமை வரவேண்டிய கல்விப் பக்கத்தில் மீண்டும் எனக்கு நாலு சென்டிமீட்டர் தேவைப்பட்டது. அடுத்து நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. பக்கத்தின் ஓரத்தில் ஆசிரியர்களுக்கான உடல்நலக் குறிப்பு ஒன்று இருந்தது. காலையில் வெறும் வயிற்றில் வெந்தயத் தண்ணீர் குடிப்பது பற்றி. அதன் கடைசிப் பத்தியை மவுஸால் இழுத்து நீலமாக்கி, அழிக்கும் பொத்தானில் விரலை வைத்துவிட்டேன். விசாரணை முடிந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. கை அதன் பழக்கத்தைச் செய்துகொண்டிருந்தது. விரலை எடுத்துவிட்டு அந்தப் பத்தியைப் படித்தேன். 'சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது' என்று இருந்தது.

வெந்தயத்தை முழுசாக எடுத்துவிட்டேன். அதைப் போடாததால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இப்போது இடம் தேவைக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் பெப்பர்மின்ட் செய்தியை நாலு பத்தியோடு முதலிலிருந்து மறுபடி போட்டேன். கடைசிப் பத்திக்குத் தடித்த எழுத்து. 'நாங்கள் வெட்டிய பத்தி' என்று தலைப்பு. 'இடமின்மையால் அல்ல, கவனமின்மையால் விடுபட்டது' என்று கீழே ஒரு வரி. செவ்வாய்க்கிழமை எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் போனே எடுக்காத செய்தி ஆசிரியர். விளக்கம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார். அதோடு சரி.

பேப்பர் வந்த அந்தத் திங்கட்கிழமை காலை எட்டரைக்குப் பள்ளிக்குப் போனேன். பேப்பரை நான் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. வரதராஜன் ஏழு மணிக்கே கடையில் வாங்கி, அச்சில் வந்த பத்தியை நான் கொடுத்த தாளோடு ஒவ்வொரு சொல்லாகப் பென்சிலால் டிக் அடித்து ஒப்பிட்டு வைத்திருந்தார். அறிவிப்புப் பலகையின் கண்ணாடியைத் திறந்தார். சுற்றறிக்கையில் ஐந்தாவது பொருளைச் சிவப்புப் பேனாவால் அடித்தார், சுருக்கொப்பம் போட்டார், தேதி எழுதினார். பழைய செய்தியைக் கிழிக்காமல் அதற்குப் பக்கத்திலேயே புதியதை ஒட்டினார். உள்ளே வந்து முறைகேட்டுப் படிவத்தின் குறுக்கே 'ரத்து' என்று எழுதினார். மேசையறையிலிருந்து ஹால் டிக்கெட்டை எடுத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஜெனிஃபர் கையில் கொடுத்தார். ஆரோக்கியமேரி உடனே அதை அவள் கையிலிருந்து வாங்கித் தன் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப ஒண்ணு கேக்கறேன் சார்," என்றார் என்னிடம். "மெயின் பரீட்சைக்கு அதைக் குடுக்கலாமா, வேணாமா?"

வரதராஜன் பேனாவை மூடியபடி என்னைப் பார்த்தார். சுசீலா மேடம் பார்த்தார். வாசலில் விசிலோடு நின்ற முனிராஜுவும் பார்த்தார்.

"தெரியாதும்மா," என்றேன். இரண்டாம் தடவை சுலபமாக வந்தது.

"எனக்கு வேணாம்மா," என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினோம். ஜெனிஃபர்.

"அந்த வாசனை வந்தாலே எனக்குக் குமட்டும். அன்னைக்கு நீ கேட்லயே நின்னு வாயில போடறேனான்னு பார்த்துட்டிருந்தே. அதான் போட்டேன். ஹாலுக்குள்ள போனதும் துப்பிப் பேப்பர்ல சுத்திட்டிருந்தேன். அப்பதான் சார் பார்த்தாரு. அதுக்கப்பறம் எனக்கு ஒரு கணக்கும் வரல."

ஆரோக்கியமேரியின் வாய் திறந்து அப்படியே நின்றது. வரதராஜன் எழுந்து நின்றுவிட்டார். "இதை ஏம்மா விசாரணையில சொல்லலை?"

"பெப்பர்மின்ட் உன்னோடதான்னு கேட்டீங்க சார், ஆமான்னு சொன்னேன். இங்க கையெழுத்துப் போடுன்னீங்க, போட்டேன்." அவள் எங்கள் ஐந்து பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். "வேற யாரும் எதுவும் கேக்கலையே சார்."

மணி அடித்தது. அவள் வகுப்புக்குப் போனாள்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் என் குறிப்பு நோட்டைத் திறந்து பார்த்தேன். சனிக்கிழமை விசாரணைக்குப் பதினொரு பக்கம் எழுதியிருந்தேன். சுசீலா மேடம் சொன்னது, வரதராஜன் சொன்னது, வாய்ப்பாட்டு நேரங்கள், எறும்புகளின் தோராயமான எண்ணிக்கை, எல்லாம் இருந்தன. ஜெனிஃபர் என்ற பெயர் பதினான்கு இடத்தில் இருந்தது. அவள் சொன்னதாக ஒரு வரி இல்லை.